கோப்பைத் தொலைத்தவர் யார், நிரூபிக்க வேண்டியவர் யார்?

அமெரிக்கத் தரைப்படையில் சேவையாற்றிய ஒருவரின் பதிவில் பிழையிருப்பின் அதனைத் திருத்துவதற்கென ஒரு சபை உண்டு. 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அரசின் பதிவு சரியானது என்ற அனுமானத்துடனேயே சபை விசாரணையைத் தொடங்குகிறது. தவறென்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பிழையைக் கண்டறிந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். பிந்தினால் சபையின் தயவு.

சரி, எதைக்கொண்டு நிரூபிப்பது? 1973 யூலை 12 அன்று சென் லூயிஸ் நகருக்கு அருகே, படையினரின் கோப்புகள் வைக்கப்பட்டிருந்த அரச கட்டடத்தில் தீ மூண்டது. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தது. அவற்றுக்கு நகல் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. தீ மூண்ட ஆறாம் மாடியில் தானாக நீர் தெளிக்கும் கருவிகூட இருக்கவில்லை. இது யாருடைய கவனக்குறைவு? படைவீரனுடையதா?

வேறு ஆவணங்களிலிருந்து மீளக் கட்டியெழுப்புகிறோம் என்பார்கள். சம்பளப் பட்டியல் ஒருவன் சம்பளம் பெற்றதைச் சொல்லும். கொரியாவில் அவன் காயப்பட்டதைச் சொல்லுமா? அதற்கு அவன் பழைய தோழர்களின் சாட்சியத்தைத் தேடி அலைய வேண்டும், அவர்கள் உயிரோடிருந்தால்.

தீயில் போன கோப்புகளைப் பொறுத்தவரையிலாவது அனுமானம் தலைகீழாக்கப்பட வேண்டும். வீரனின் கூற்றைப் பொய்யென்று சொல்ல விரும்பினால், அதற்கான ஆதாரத்தை அரசு காட்டட்டும். அதையும் விரைவாகச் செய்யட்டும். இவர்களுள் இளையவரே இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டார்.