கப் ஜெயிச்சவங்க சாம்பியனா, சீஸன் முழுக்க ஜெயிச்சவங்க சாம்பியனா?

அத்திப்பட்டு என்றதும் 'சிட்டிசன்' படத்தில் காணாமல் போன ஊர்தானே என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது அத்திப்பட்டி. இது கும்மிடிப்பூண்டி ரயில் லைனில், வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிஜ அத்திப்பட்டு. இங்கே தொடங்கி எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம், 'குட்டி பிரேசில்' என்று பேர் வாங்கிய வியாசர்பாடி வரை ஃபுட்பால் ஆடாத தெரு குறைவு.

ஞாயிற்றுக்கிழமை லோக்கல் டோர்னமென்ட் என்றால் பெரும்பாலும் நாக்-அவுட்தான். காலையில் தோற்ற டீம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும். கிரவுண்டு ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும், கையில் இருக்கும் காசும் அவ்வளவுதான் என்பதால் அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் 'இந்தியாவிலேயே நம்பர் ஒன் யார்' என்று முடிவு செய்யவும் அதே முறை சரியா?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று லீக். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவார்கள், கடைசியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் சாம்பியன். இன்னொன்று நாக்-அவுட். தோற்றால் வெளியே, ஃபைனலில் ஜெயித்தவருக்குக் கப். இந்த இரண்டு வழியிலும் சாம்பியன் பார்த்த ஊர் நம் சென்னை.

முதலில் 2015. ஐ.எஸ்.எல். சீஸனின் நடுவில் சென்னையின் எஃப்.சி. பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து 22 புள்ளிகளோடு மூன்றாவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் வந்தது. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் மேட்ச் நடத்த முடியாமல், நம் ஹோம் மேட்ச்சை புனேயில் ஆடினார்கள். கோவாவில் ஃபைனல். 90-வது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கி இருந்தவர்கள், அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல் வந்து 3-2 என ஜெயித்தார்கள். தண்ணீர் வடியாத ஊருக்கு அந்தக் கப் ஓர் ஆறுதல். ஆனால் 25 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம் பிடித்த அணி, ஃபைனலில் தோற்ற எஃப்.சி. கோவா.

2018-லும் அதே கதை. பெங்களூரு எஃப்.சி. 40 புள்ளி, நாம் 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். மார்ச் 17 அன்று பெங்களூருவிலேயே நடந்த ஃபைனலில் நாம் 3-2 என ஜெயித்தோம். வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் இருந்த அணி அது. கொண்டாடினோம், அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு பெங்களூரு ரசிகர் வந்து, "மாசக்கணக்கா நாங்கதான் மேலே இருந்தோம், ஒரே ராத்திரியில் நீங்க எப்படி பெஸ்ட் ஆனீங்க?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மறு வருடம் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் ஜெயித்த கதை வேறு. அங்கே ஃபைனலே கிடையாது. 20 மேட்ச், 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டும், 3-1 என ஜெயித்தார்கள். ஃபைனல் இல்லாமலே ஃபைனலுக்கான பதற்றம். யாரும் "எப்படி?" என்று கேட்க முடியாத பட்டம்.

ஐ.எஸ்.எல்.-லும் இதைப் புரிந்துகொண்டார்கள். 2019-20-ல் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்குத் தனியாக 'ஷீல்டு' தரத் தொடங்கினார்கள். ஆனால் குழப்பம் தீரவில்லை. 2023-24-ல் ஷீல்டு மோகன் பகானுக்கு, கப் மும்பை சிட்டிக்கு. அந்த வருட சாம்பியன் யார் என்று கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு பதில் வரும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை. அவர்களின் கல்லூரி ஃபுட்பால் நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு விளையாட்டு. பல காலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் போட்ட ஓட்டில்தான் அங்கே சாம்பியன் யார் என்று முடிவானது. 2024 சீஸனில் முதல்முறையாக 12 அணிகளை வைத்து நாக்-அவுட் நடத்தினார்கள். ஜெயித்தது, சீஸனில் இரண்டு முறை தோற்றிருந்த ஒஹாயோ ஸ்டேட். அதுவரை ஒரு மேட்ச் கூடத் தோற்காத ஓரிகன், ஒஹாயோவிடம் ஒரே ஒரு மேட்ச்சில் தோற்று வீட்டுக்குப் போனது.

லீக்கிலும் வில்லங்கம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024-25 ஐ-லீக்கில் சர்ச்சில் பிரதர்ஸ், இன்டர் காசி இரண்டில் யார் சாம்பியன் என்பது மைதானத்தில் முடியவில்லை. ஆட்டக்காரரின் தகுதி பற்றிய புகார், அப்பீல் என்று இழுத்து, 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம்தான் இன்டர் காசி என்று தீர்ப்பு சொன்னது. புகாரை உடனுக்குடன் தீர்க்காவிட்டால் புள்ளிப்பட்டியலுக்கு மதிப்பில்லை.

சரி, நம் கல்லூரிப் பசங்களுக்கு இதில் என்ன?

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஃபுட்பாலில் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரிக்கிறார்கள். மண்டலத்துக்கு நான்கு என 16 அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். தென் மண்டலத்தில் அத்தனை பல்கலைக்கழகங்கள் இருப்பதால், ஆரம்பச் சுற்றுகள் நாக்-அவுட். வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து பிராக்டீஸ் செய்த பையன், ரயிலில் ரிசர்வேஷன் கிடைக்காமல் உட்கார்ந்துகொண்டே போய் இறங்கி, 90 நிமிடத்தில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

அவனுக்கு அது வெறும் தோல்வி இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சர்டிஃபிகேட் கேட்பார்கள். எத்தனையாவது இடம் என்றும் பல இடங்களில் கேட்பார்கள். ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை என்று ஃபுட்பால் காலால் வேலைக்குப் போன அண்ணன்களைப் பார்த்து வளர்ந்த ஏரியா இது. ஒரு தப்பான ஆஃப்சைடு விசில், ஒரு வீட்டின் மாதச் சம்பளத்தை மாற்றிவிடும்.

அதனால் என் ஓட்டு லீக்குக்கு. மண்டலத்தில் முதல் சுற்றிலேயே நான்கு நான்கு அணிகளாகக் குழு பிரிக்கலாம். எந்த அணிக்கும் குறைந்தது மூன்று மேட்ச் கிடைக்கும். ஒரு நாள் சறுக்கினாலும் அடுத்த மேட்ச்சில் எழலாம். அகில இந்திய அளவில், கடைசி நான்கு அணிகள் ஒருவரோடு ஒருவர் ஆடி, அதிகப் புள்ளி எடுத்தவரை சாம்பியன் என்று சொல்லலாம். நாக்-அவுட் த்ரில் வேண்டுமா? அதற்குத் தனிக் கப் வைக்கலாம், தனிப் பெயரோடு.

செலவு கூடும், பரீட்சை தேதி இடிக்கும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் கூடுதலாக இரண்டு நாள் தங்கும் செலவு, ஒரு பையனின் மூன்று வருட உழைப்பை விடப் பெரிதில்லை.

2015-லும் 2018-லும் நாம் தூக்கிய கப்புகளை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. அவை நம்முடையவை. ஆனால் நாளைக்கு அத்திப்பட்டிலிருந்து ஒரு பையன் பல்கலைக்கழக அணியின் ஜெர்சி போட்டுக்கொண்டு கிளம்பினால், அவனுக்கு ஒரே ஒரு மேட்ச் மட்டும் கொடுத்து, 'நீ யார்' என்று முடிவு செய்துவிடாதீர்கள்.