சீட்டுக்கு என்ன தீட்டு?

வழக்கமாக இங்கே சினிமா, கிரிக்கெட், செமஸ்டர் புலம்பல் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு ரெக்ஸின் சீட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

போன வாரம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சிவகாசியில் இருந்து விருதுநகர் போகும் ஒரு தனியார் பஸ். காலேஜ் முடிந்து ஏறினேன், மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சீட்டெல்லாம் புதுசு. மெரூன் கலர் ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். திருத்தங்கல் தாண்டி ஒரு ஸ்டாப்பில் பட்டாசு வேலை முடிந்து ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள். அதில் ஒருத்தர் எங்க அம்மா.

நாலைந்து சீட்டு காலியாக இருந்தது. கண்டக்டர் சொன்னார்: "அக்கா, உக்காராதீங்க. அப்படியே பின்னாடி போய் நில்லுங்க. இப்பத்தான் சீட்டு மாத்திருக்கு. மருந்துக் கறை பட்டா போவாது."

அதட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பெண்களும் சண்டை போடவில்லை. "சரிப்பா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார், நீ உட்கார்ந்துக்கோ என்று கண்ணாலேயே சொன்னார். நானும் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், இரண்டு ஸ்டாப் வரை உட்கார்ந்தேதான் இருந்தேன். அப்புறம் வெட்கம் தாங்காமல் எழுந்து கூப்பிட்டால் அம்மா சொன்ன பதில்: "நீ உக்காருய்யா. உன் பேண்ட்டு சுத்தமா இருக்கு. நான் உக்காந்தா சீட்டு பாழாப் போவும்."

கண்டக்டர் சொன்னதைவிட இதுதான் எனக்கு வலித்தது. எட்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷி, தான் உட்கார்ந்தால் ஒரு சீட்டு பாழாகிவிடும் என்று நம்புகிறார். நான் படிப்பது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மூன்று வருஷம் படித்ததற்கு இந்த ஒரு பொய்யையாவது உடைக்க முடியாவிட்டால் எதற்கு அந்த டிகிரி?

முதலில் ரெக்ஸின் என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் பொதுப் பெயர் மாதிரிச் சொல்கிறோம். உண்மையில் அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் பிராண்டு பெயர். துணியின் மேல் ஒரு பூச்சுப் பூசி, தோல் மாதிரி வரி அழுத்தி விற்றார்கள். அந்தப் பூச்சு என்ன தெரியுமா? செல்லுலோஸ் நைட்ரேட். அதாவது 'கன்காட்டன்' என்று சொல்கிற வெடிபஞ்சுக்கு நெருங்கிய சொந்தக்காரன்! பட்டாசுக்காரி உட்கார்ந்தால் ரெக்ஸின் தீட்டாகிவிடும் என்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். ரெக்ஸினே பிறப்பால் வெடிமருந்து ஜாதிதான் :-)

இன்றைக்கு பஸ்ஸிலும் பைக்கிலும் இருப்பது அது இல்லை. பி.வி.சி. என்கிற வினைல். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி. 1926ல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்பவர் அதில் சில திரவங்களைச் சேர்த்து ரப்பர் மாதிரி வளைய வைத்தார். அந்தத் திரவத்துக்குப் பெயர் பிளாஸ்டிசைசர். இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சக் கதை முழுக்க இதுதான். வினைலுக்குள் பிளாஸ்டிசைசர் இருக்கும் வரை சீட்டு மெத்தென்று இருக்கும். அது வெளியேறினால் சீட்டு விறைக்கும், வெடிக்கும், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு எட்டிப் பார்க்கும்.

இப்போது அம்மா சேலையில் இருப்பதைப் பார்ப்போம். வெள்ளியாய் மின்னுவது அலுமினியப் பவுடர். கறுப்பாய் இருப்பது கருந்திரியின் கரி. கூடவே கந்தகம், வெடியுப்பு. இதில் எதுவும் சாயம் இல்லை. அலுமினியமும் கரியும் நுண்ணிய துகள்கள், வினைலின் மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. வெடியுப்பு தண்ணீரிலேயே கரைந்துவிடும். கந்தகம் கரையாது, ஆனால் சோப்புத் தண்ணீரில் துணியோடு வந்துவிடும். இவற்றில் எதுவும் அந்தப் பிளாஸ்டிசைசரைத் தொடுவதில்லை.

நம்பவில்லையா? நானும் சும்மா நம்பவில்லை. எங்கள் வீட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல். சீட்டில் அம்மாவின் வேலைச் சேலையை நன்றாகத் தேய்த்தேன். சீட்டு பளபளவென்று வெள்ளியாகிவிட்டது. அரை மக் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு, ஒரு பழைய பனியன் துணி. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, போய்விட்டது. ரெக்ஸினின் வரிகளுக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தது, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்ததும் அதுவும் போனது. தையல் ஓரத்தில் மட்டும் லேசாக மிச்சம் இருந்தது, அடுத்த நாள் மறுபடி துடைத்தேன். அவ்வளவுதான் 'போவாத' கறை. (தயவுசெய்து யாரும் பவுடரையே வீட்டுக்குக் கொண்டுவந்து சோதனை செய்யாதீர்கள். சேலையில் ஒட்டியிருப்பது போதும்.)

அப்படியானால் சீட்டை உண்மையிலேயே பாழாக்குவது யார்? பட்டியல் போடுகிறேன்.

முதல் குற்றவாளி வெயில். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சூடு பிளாஸ்டிசைசரை வெளியே துரத்தும், புற ஊதாக் கதிர் வினைலையே சிதைக்கும். நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிற பஸ்ஸின் ஜன்னலோர சீட்டும், மரத்தடியில் நிறுத்தாத பைக்கின் சீட்டும்தான் முதலில் வெடிக்கும்.

இரண்டாவது குற்றவாளி, துடைக்கிறேன் பேர்வழி என்று வருகிற பெட்ரோல், டீசல், தின்னர். சிவகாசி அச்சகங்களின் ஊர். மெஷினில் மை துடைக்க மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பரம்பரையாகப் பழகிய கை. எதில் எந்தக் கறை பட்டாலும் அந்தத் துணியையே எடுப்போம். மெஷின் இரும்பு, அது தாங்கும். வினைல் தாங்காது. இந்தத் திரவங்கள் அழுக்கோடு சேர்த்துப் பிளாஸ்டிசைசரையும் உறிஞ்சி எடுத்துவிடும். துடைத்த அன்றைக்குப் புதுசு மாதிரி இருக்கும், ஆறு மாசத்தில் அப்பளமாகிவிடும். அப்புறம் "மருந்துக் கறையால போச்சு" என்று பழி யார் மேல்? நின்றுகொண்டே வந்தவர் மேல்!

மூன்றாவது, தேங்காய் எண்ணெய். "தோலுக்கு எண்ணெய் போட்டா மினுங்கும்ல" என்று சொல்கிறவர்களுக்கு: ஐயா, இது தோல் இல்லை. மாட்டுத் தோல் எண்ணெய் குடிக்கும். வினைல் அப்படிக் குடித்துப் பதமாகாது. எண்ணெய் மேலே நின்று தூசியைப் பிடிக்கும், நாளாக நாளாக வினைலை விறைக்கவும் செய்யும். பஸ் சீட்டின் சாய்மானத்தில், சரியாகத் தலை படுகிற இடத்தில் கறுத்து விறைத்திருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அது தலையெண்ணெயும் வியர்வையும். நின்றுகொண்டு போகிறவரின் தலை அங்கே படாது, இல்லையா?

நான்காவது குற்றவாளி... வகுப்புத் தோழர்களே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நாம்தான். பால்பாயிண்ட் பேனாவால் முன்சீட்டின் முதுகில் இதயம் வரைந்து அம்பு விட்டு இனிஷியல் எழுதுகிறோமே, அந்த மை சாயம். வினைலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கொஞ்சம் மங்கும், ரொம்பத் தேய்த்தால் மேல்பூச்சும் சேர்ந்து போகும். முழுசாகப் போகாது. ஜீன்ஸும் அப்படித்தான். புது ஜீன்ஸின் நீலம் வெளிர் நிற வினைலில் ஏறினால் இறங்காது. அந்த பஸ்ஸில் எழுந்தபோது பார்த்தேன், வெள்ளை பைப்பிங்கில் தொடை படும் இடமெல்லாம் லேசான நீலம். எத்தனையோ காலேஜ் பையன்கள் விட்டுப்போனது, நானும் சேர்த்துத்தான். அம்மா சொன்ன அந்த 'சுத்தமான பேண்ட்'டின் லட்சணம் இது! சோப்பில் போகிற கறையோடு வந்தவர் நின்றார். எதிலும் போகாத கறையோடு வந்தவன் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, இது சீட்டின் பிரச்சினையே இல்லை. சீட்டுக்குக் கெடுதல் என்றால் முதலில் பேனாவைத் தடுத்திருப்பார்கள், ஜீன்ஸைத் தடுத்திருப்பார்கள். யாரை நிற்கச் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டார்களோ அவர்களை நிற்கச் சொல்கிறார்கள். துடைத்தால் போகிற அழுக்கைத் துடைக்காமல் ஆளைத் தள்ளி வைப்பதற்கு நம் ஊரில் ரொம்பப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

ஒரு நியாயமான கேள்வி வரும். "தம்பி, அந்தப் பவுடர் சீட்டில் இருந்து அடுத்து உட்காருகிறவர் வெள்ளை வேட்டியில் ஒட்டுமே, அவர் எங்களைத்தானே திட்டுவார்?" ஒட்டும், மறுக்கவில்லை. கண்டக்டருக்கும் முதலாளி நெருக்கடி இருக்கும், அவரும் சம்பளக்காரர்தான். அதற்கு வழி இரண்டு. ஒன்று, ட்ரிப் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை. உலர்ந்த துணியால் தட்டக் கூடாது, தட்டினால் தூசி பறந்து எல்லோர் மூக்கிலும் ஏறும். இரண்டாவது வழிதான் முக்கியம். அந்தப் பவுடர் ஏன் பஸ் வரைக்கும் வருகிறது? வேலை முடிந்ததும் கை கால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு கிளம்ப ஆலைகளில் வசதி இருந்தால் வருமா?

இது நான் புதுசாகக் கேட்கும் சலுகை இல்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே அதன் 42ஆம் பிரிவில் தொழிலாளர்கள் கழுவிக்கொள்ளப் போதுமான வசதி இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக மறைவிடம் வேண்டும் என்றது. மாற்று உடை வைக்க இடம் தருவது பற்றி அடுத்த பிரிவே பேசியது. என் அப்பா பிறப்பதற்கு முன்னால் எழுதியது! அம்மா வேலை பார்க்கும் இடத்தில் இருப்பது ஒரு தொட்டி, ஒரு மக். ஐம்பது பேர். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் முகத்தைக் கழுவுவார்களா, சேலையை மாற்றுவார்களா? அலுமினியப் பவுடர் அவர் சேலையில் ஒட்டியிருப்பது அவருடைய அசுத்தம் இல்லை. நீங்களும் நானும் தீபாவளிக்குக் கொளுத்துகிற பூச்சட்டியின் வெளிச்சம் அது. வெளிச்சம் மட்டும் நமக்கு வேண்டும், பவுடர் மட்டும் அவர்களுடையதா?

கடைசியாக ஒன்று. வினைல் என்ற பொருளை உலகம் ஏன் இவ்வளவு விரும்பியது? ஆஸ்பத்திரி மெத்தையில், பள்ளிக்கூட வேனில், கடலில் போகும் படகின் சீட்டில்கூட அதைத்தானே போடுகிறார்கள்? உப்புத் தண்ணீர், மீன் கவிச்சி, ஈரம் எல்லாம் படுகிற படகு சீட்டுக்கே வைத்தியம் இதுதான்: சோப்புத் தண்ணீரில் கழுவு, நல்ல தண்ணீரில் அலசு, காயவை, வெயில் படாமல் மூடு. யார் உட்கார்ந்தாலும் துடைத்தால் போகும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த பொருள் அது. அதைப் போட்டுவிட்டு அதன் மேல் உட்காராதே என்று சொல்வது, குடையை வாங்கி நனையாமல் பத்திரப்படுத்துவது மாதிரி.

அடுத்த முறை அப்படி யாரையாவது நிற்கச் சொன்னால், என்னை மாதிரி இரண்டு ஸ்டாப் யோசிக்காதீர்கள். எழுந்து, "அண்ணாச்சி, சோப்புல போயிரும், அவங்க உக்காரட்டும்" என்று சொல்லுங்கள். நாங்கள் நாலு பேர் சொல்லத் தொடங்கிவிட்டோம். நேற்று அம்மா உட்கார்ந்துதான் வந்தார். இறங்கும்போது முந்தானையால் சீட்டை இரண்டு தரம் துடைத்துவிட்டு இறங்கினார். அந்தப் பழக்கம் போக எந்த சோப்பு போடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பின்குறிப்பு: சீட்டு மேல் நிஜமாகவே அக்கறை உள்ளவர்களுக்கு. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் லேசான சோப்பு, மெத்தென்ற துணி, தையலுக்கு டூத் பிரஷ். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிளீச்சிங், பெட்ரோல், தின்னர், நகப்பாலிஷ் ரிமூவர், கம்பி நார் கூடவே கூடாது. மினுங்க வேண்டும் என்று சிலிகான் பாலிஷை பைக் சீட்டில் போடாதீர்கள், பிரேக் அடித்தால் வழுக்கிக்கொண்டு முன்னால் வருவீர்கள். பாலிஷை எல்லாம்விடப் பெரிய வைத்தியம் நிழல். வேப்பமரத்துக்குக் காசு கிடையாது.