147 டொலர் கடனும் லயத்துப் பிள்ளையும்

தோட்டத்து இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கைமுதல் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கே நெடுங்காலம் படிப்பித்தவன் என்ற உரிமையில் ஒரு விளையாட்டுச் சாமானின் கதையைச் சொல்கிறேன். நம் இறப்பருக்கும் அதில் பங்குண்டு.

1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு இறப்பர் பஞ்சம் வந்தது. இலங்கை மரங்கள்தான் கைகொடுத்தன. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்ட வெட்டிப் பால் எடுத்தார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் இறப்பருக்கு மாற்றுத் தேடி ஆய்வுகூடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1943இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஜேம்ஸ் ரைட், சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தார். பிசைந்த மாவு போன்ற ஒன்று கிடைத்தது. உருட்டி எறிந்தால் துள்ளியது. மெல்ல இழுத்தால் நீண்டது. வெடுக்கென்று இழுத்தால் அறுந்தது. டயர் செய்ய மட்டும் உதவவில்லை.

பல வருடம் அது சும்மா கிடந்தது. 1949இல் நியூஹேவன் நகரப் பொம்மைக் கடைக்காரி ரூத் ஃபால்கேட்டர் தன் விலைப்பட்டியலில் அதைச் சேர்த்தார். நன்றாக விற்றும் அவர் தொடரவில்லை. பட்டியலை எழுதிக்கொடுத்த விளம்பரக்காரர் பீட்டர் ஹொட்ஜ்சன் விடவில்லை. அவருக்கு அப்போதே 12,000 டொலர் கடன். அதற்கு மேல் இன்னொரு 147 டொலர் கடன் வாங்கிச் சரக்கெடுத்தார். கல்லூரி மாணவர்களை வைத்துச் சிறு உருண்டைகளாகப் பிரித்து, பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து, ‘சில்லி புட்டி’ என்று பெயரிட்டு ஒரு டொலருக்கு விற்றார். 1950 ஆகஸ்டில் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையில் ஒரு குறிப்பு வந்தது. மூன்றே நாளில் இரண்டரை இலட்சம் ஓர்டர்கள் குவிந்தன. மறுவருடமே கொரிய யுத்தத்தால் சிலிக்கோனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, அவர் வியாபாரம் படுத்தது. அதே யுத்தத்தால் நம் இறப்பர் விலை உச்சிக்குப் போனது. ஹொட்ஜ்சன் மீண்டும் எழுந்தார். 1968இல் சந்திரனைச் சுற்றிய அப்பல்லோ 8 விண்வெளி வீரர்களின் கையிலும் அவர் சாமான் இருந்தது. 1976இல் இறந்தபோது சுமார் 14 கோடி டொலர் சொத்தை விட்டுச் சென்றார்.

அந்தத் துள்ளல் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பால் வெட்டிய கோட்டில் காய்ந்து படிந்திருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி, நாடாபோல் அறுபடாமல் உரித்தெடுப்பார்கள். ஒரு சிறு கல்லின் மேல் இழுத்திழுத்துச் சுற்றுவார்கள். இழுவை ஒரே சீராக இல்லாவிட்டால் பந்து கோணிக்கொண்டு ஓடும். அதனால் நாலு சுற்றுக்கு ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்து, துள்ளாத பக்கத்தில் இன்னொரு நாடா சேர்ப்பார்கள். எவரும் கற்றுக்கொடுக்காத தொழில்நுட்பம் இது. இப்படிச் செய்த கைகள் பத்தாம் வகுப்போடு கொழும்புக் கடைகளுக்குப் போய்ப் பெட்டி தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பொறுக்கவில்லை.

ஹொட்ஜ்சன் விஞ்ஞானி அல்ல. பிறர் கைவிட்டதன் பெறுமதியைக் கண்டுகொண்டவர். அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. இல்லாதது அந்த 147 டொலர்தான். கடன் கேட்டுப் போனால் காணி உறுதி எங்கே என்கிறார்கள். பரம்பரையாக வாழும் லயத்துக் காம்பராவே நம் பெயரில் இல்லாதபோது உறுதிக்கு எங்கே போவது? தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு எழும்போதெல்லாம் கேகாலை, இரத்தினபுரி இறப்பர் தோட்டங்கள் கடைசி வரிசையில்தான் நிற்கின்றன.

ஆகவே கேட்கிறேன். காணியை உறுதியோடு கொடுங்கள். அது வரும்வரை, உறுதி கேட்காத சிறு கடனை அரச வங்கிகள் தோட்டத்து இளைஞருக்குத் தரட்டும். அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவு, பந்தும் பொம்மையும் செய்யும் பயிற்சியாக ருவான்வெல்லைக்கும் தெரணியகலைக்கும் வரட்டும். பால் வெட்டுபவரின் பிள்ளை அந்தப் பாலிலிருந்து பொருள் செய்து விற்பது சலுகையல்ல. அது அவர்களுக்கு நாடு திருப்பித் தர வேண்டிய கடன்.