சங்கீத பாடமும் முன்னேற்பாடும்

சங்கீதம் கற்பிப்போரும் கற்போரும் பாடவேளைக்கு முன் எவ்வளவு ஆயத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும் என்னும் வினா நம் மாணாக்கரிடையே இவ்வாண்டு பலமுறை எழுந்தது. மாணாக்கர் ஆசிரியரைக் குறை கூறுகின்றனர். ஆசிரியர் மாணாக்கரைக் குறை கூறுகின்றனர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. எனினும், ஆயத்தத்தின் பெரும்பங்கு ஆசிரியரையே சார்ந்தது என்பது எமது துணிபு.

குருகுலவாச காலத்தில் இவ்வினாவுக்கு இடமே இருந்ததில்லை. சீடன் குருவின் இல்லத்திலேயே வைகி, அவர் விடியலில் சாதகம் செய்வதையும், மாலையில் பிறருக்குக் கற்பிப்பதையும், கச்சேரியில் பாடுவதையும் இடையறாது கேட்டுவந்தான். பாடம் வேறு, ஆயத்தம் வேறு என்ற பிரிவு அங்கில்லை. நமது ஜில்லாவின் சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும், சென்னையில் மியூசிக் அகாடெமி 1931-இல் இசையாசிரியர்க்கென ஒரு கல்லூரி நிறுவியதும், இன்று கடலூரில் அரசு இசைப்பள்ளி நடைபெறுவதும் போற்றற்குரியனவே. குலமும் செல்வமும் பாராது யாவர்க்கும் இசைக்கல்வி கிட்டுதற்கு வழி செய்தவை இவையன்றோ? ஆயினும் மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் பாடமும் இவற்றோடு வந்தது. வேப்பூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் பஸ்ஸேறிச் சென்று வாரத்தில் ஒரு மணி நேரம் பாடங்கேட்டுத் திரும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆசிரியர் குரல் அப்பிள்ளையின் செவியிற் படுவது ஒன்றே ஒன்றில். அவ்வொன்றில் கால்மணி நேரம், "போன வாரம் எதில் நிறுத்தினோம்?" என்று ஆசிரியர் வினவுவதிலும், சுருதிப்பெட்டியைத் தேடுவதிலும் கழியுமாயின், பஸ் கட்டணம் கொடுத்தனுப்பிய தந்தைக்கு நாம் என்ன விடை கூறுவது?

தாம் அறிந்த கீதத்துக்கு ஆயத்தம் எதற்கு என்று ஆசிரியர் சிலர் கேட்பர். கீதத்தை அவர் அறிவார் என்பதில் ஐயமில்லை. அக்கீதத்தில் இம்மாணாக்கன் எங்கே இடறுவான் என்பதை அறிந்து வைத்திருக்கிறாரா என்பதே எமது கேள்வி. ஓர் உதாரணங் கூறுவோம். மாயாமாளவகௌள இராகத்தில் சரளி, ஜண்டை, அலங்காரம் என மாதக்கணக்காக ஏழு சுரங்களையும் வரிசை பிறழாது பாடிய பிள்ளைக்கு, அடுத்தபடியாக மலகரி கீதம் கற்பிப்பது வழக்கம். மலகரியிலோ நிஷாதம் அறவே இல்லை. ஆரோகணத்தில் காந்தாரமும் இல்லை. ரிஷபத்திலிருந்து மத்திமத்துக்குத் தாவவேண்டிய இடத்தில், பழகிய நாக்கு காந்தாரத்தையே நாடும். இதனை முன்னமே எண்ணிவைத்த ஆசிரியர், கீதத்தைத் தொடங்குமுன் 'ச ரி ம ப' என்னும் நான்கு சுரங்களை மட்டும் பத்துமுறை விளம்பத்திற் பாடச்செய்வார். எண்ணாத ஆசிரியரோ, பிள்ளை இடறிய பின் சினந்து, அதே அடியை இருபது முறை பாடச்சொல்லுவார். ஒவ்வொரு மாணாக்கனுக்கும் இவ்வாறு ஆராய்ந்து, இரண்டு வரி குறித்துவைக்கப் பத்து நிமிஷம் போதும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டால், மண்ணை அரைத்து, வடித்துப் பக்குவம் செய்யும் வேலை, அச்சில் வார்க்கும் வேலையிலும் பெரிதென்று சொல்லுவர். இசையாசிரியருள் அத்தகைய பக்குவ வேலையைப் பெருமளவிற் செய்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். பள்ளியாசிரியராயிருந்து பின் மருத்துவரான அவர், 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலால் புகழ்பெற்றவர். அதற்குப் பத்தாண்டு முன்னரே, இளமாணாக்கர் பொருளுணர்ந்து பாடும்பொருட்டுத் தமிழில் பயிற்சிப் பாடல்களை அமைத்து, 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற நூலை அளித்தார். பெரிய நூலை வியப்போர் பலர். எமக்கோ அச்சிறிய நூலே அதிகம் உவப்பானது.

இனி மாணாக்கர் கடமை. அடுத்த பாடத்தைக் கைபேசியிற் கேட்டு முன்னதாகவே பாடிக்கொண்டு வருதலை ஊக்கமென்று கருதுவோர் உளர். யாம் அதனை விரும்புகிலோம். கேட்பது நன்று, எத்தனை முறை கேட்பினும் நன்று. ஆனால் கமகம் அறியாத குரல் தானே பழகிக்கொண்ட பிழையை நீக்குவது, புதிதாகக் கற்பிப்பதினும் இருமடங்கு உழைப்பு. ஆதலின், சென்ற பாடத்தில் ஆசிரியர் திருத்திய இடங்களை மட்டும், சுருதியோடு சேர்ந்து, முதற்காலத்திற் பழகுதலே மாணாக்கர்க்குரிய ஆயத்தமாம். நாள்தோறும் அரைமணி நேரம் தொடக்க மாணாக்கர்க்குப் போதியது. ஆறு நாள் வாளாவிருந்து, பாடத்துக்கு முந்தின இரவில் மூன்று மணி நேரம் கத்துவது தொண்டைக்குக் கேடு. மூன்றாங்காலத்தில் அக்ஷரத்துக்கு நான்கு சுரம் பாடும்போது அவ்வவசரம் வெளிப்பட்டே தீரும்.

ஆயத்தம் மிகுந்தால் மனோதர்மம் குன்றும் என்பாரும் உண்டு. மணிக்கணக்காகத் தோடியை விரித்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுர இசையை ஒலிப்பதிவிலேனும் கேட்டவர் இவ்வாறு கூறார்.

நிற்க. விடுதி மாணாக்கர் விடியலிற் பாடினால் அயலறையார் கதவைத் தட்டுகின்றனர். ஊரிலிருந்து வருவோர்க்கோ ஒரே அறையுள்ள வீட்டில் தனியிடமில்லை. இவர்களை நோக்கி "ஏன் பழகவில்லை?" என்று கேட்பது நியாயமாகாது. நமது நிர்வாகத்தார் காலை 5 மணி முதல் 7 மணிவரை வகுப்பறைகள் இரண்டைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுருதிப்பெட்டி வைப்பாராக. இசையாசிரியர்க்கும், பாடவேளைக்கு மட்டும் ஊதியங் கணக்கிடுதலை விடுத்து, வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஆயத்தத்துக்கென்றே கால அட்டவணையிற் சேர்த்து, அதற்கும் ஊதியம் வழங்குவாராக. கோயிற் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு முன் பழகுவதற்கு மண்டபத்தை ஆண்டுதோறும் ஒரு மாதம் ஒதுக்கும் நிர்வாகத்தார்க்கு இஃது அரிய காரியமன்று.