ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இருபது நிமிஷம்தானா?

ஆயுத பூஜை விடுமுறை வந்தால் போதும், அல்சூரிலிருந்து மைசூருக்கு வேன்கள் கிளம்பிவிடும். விடியற்காலை நாலு மணிக்குப் புளியோதரைப் பொட்டலங்களுடன் ஏறினால் சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாயங்காலம் பிருந்தாவன விளக்குகள் என்று முடித்துக்கொண்டு நள்ளிரவு தாண்டி வீடு வந்து சேருகிறோம். இடையில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்று ஓர் ஊர் உண்டு. காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓடும் தீவு. அதற்கு டிரைவர் ஒதுக்குவது இருபது நிமிஷம். ஆதிரங்கனைச் சேவித்துவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் ஹாரன் கேட்கும். 2023-ம் ஆண்டு திறந்த விரைவுச் சாலை ஊருக்கு வெளியாகவே போய்விடுவதால், அந்த இருபது நிமிஷத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

இது சரியல்ல என்பது நமது அபிப்பிராயம். மற்றவர்கள் எப்படியோ போகட்டும். அல்சூர்க்காரர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்க்காமல் போவது, சொந்தப் பாட்டனார் கதையைக் கேட்காமல் எழுந்து போவது போலாகும்.

காரணம் இதுதான். 1799-ம் ஆண்டு மே 4-ந் தேதி திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, வெள்ளைக்காரன் தன் படையை அந்தத் தீவிலேயே வைத்திருந்தான். கொசுவும் காய்ச்சலும் சிப்பாய்களை வாட்டி எடுத்தன. ஆகவே 1809-ல் படை முகாமை அங்கிருந்து பெயர்த்து, அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் கண்டோன்மெண்ட். சென்னை ராணுவத்தோடும் அதன் பின்னாலும் வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள். சிப்பாய்கள், கொத்தனார்கள், சமையற்காரர்கள், காண்டிராக்டர்கள், கணக்குப்பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தார்கள். இந்தப் பகுதியில் தமிழ் அதற்கும் முந்தியது என்பதற்குத் தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளே சாட்சி. ஆனால் தெருத் தெருவாகத் தமிழ் கேட்கும் இன்றைய அல்சூர், அந்தத் தீவின் காய்ச்சலால் பிறந்தது என்றே சொல்லலாம்.

சென்ற ஆண்டு நாங்கள் சிலர் வேனை நம்பாமல் ரயிலில் போனோம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, காஞ்சிபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் தம் பேரனுடன் வந்திருந்தார். கோட்டைக்கு வெளியே இருக்கும் தரியா தௌலத் மாளிகைக்குள் நுழைந்தோம். 1784-ல் திப்பு கட்டிய தேக்குமர மாளிகை அது. இப்போது பொருட்காட்சி சாலை. அதன் மேற்குச் சுவர் முழுவதும் ஒரே யுத்த சித்திரம். வரிசை வரிசையாகக் குதிரைகள், நடுவில் சதுரமாகச் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், அவர்களுக்குள்ளே வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, காயம்பட்டுப் பல்லக்கில் கிடக்கும் கர்னல் பெய்லி. எந்த யுத்தம் இது என்று பெரியவர் கேட்டார். பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவருக்கு இரண்டும் வாசிக்க வராது. பேரன் எழுத்துக் கூட்டிக் கன்னடத்தைப் படித்துத் தமிழில் சொன்னான்: "பொள்ளிலூர், தாத்தா. 1780-ம் வருஷம்."

பெரியவர் சற்று யோசித்தார். "அது புள்ளலூர்டா! நம்ம ஊர்லேருந்து சைக்கிள்ல போற தூரம்" என்றார். அப்புறம் அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துப் போர் ஒன்றும் அதே புள்ளலூரில்தான் நடந்தது என்று உடன் வந்த குமாஸ்தா நண்பர் எடுத்துச் சொன்னார். அந்த 1780-லேயே சென்னையில் திரட்டிய பயனியர் படையின் வழித்தோன்றல்தான் இன்று நம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ். பெரியவர் ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெய்லி பிடிபட்டு, 1782-ல் சிறையிலேயே இறந்தார். கோட்டைக்குள் ஆற்றை ஒட்டிய பாதாளச் சிறையை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஹைதரும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸ், ஐரோப்பியச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம், திவான் பூர்ணையா கட்டிய கல்தூண் பாலம் எல்லாம் ஒரு நாளுக்குள் பார்க்கக்கூடியவையே. திப்புவின் குடும்பத்தார் பிறகு எங்கே போனார்கள் என்று பேரன் கேட்டான். வேலூர்க் கோட்டைக்கு! 1806-ம் ஆண்டு ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பொங்கலுக்கு வேலூர் போகிற நம்மவர்கள், பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் இடையே அந்தக் கோட்டைச் சுவரைப் பார்த்தபடியே போகிறார்கள்.

பலகையில் தமிழ் இல்லையே என்று குறைப்படுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மண்ணில் பிழைக்கிறோம், நம் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள். அவர்கள் வாசித்துச் சொல்லட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். அன்று அந்தப் பையன் முகத்தில் இருந்த பெருமையை எந்தத் தமிழ்ப் பலகையும் தந்திருக்காது. நமது குறை நம்மவர்களிடம்தான். கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்துகிற சங்கங்கள், வருஷத்துக்கு ஒரு முறை விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு ஐம்பது குடும்பங்களை அங்கே கூட்டிப் போனால் என்ன? மேடைக்கும் மாலைக்கும் ஆகிற செலவு கூட ஆகாது. அல்சூரில் மெட்ரோ ஏறினால் சிட்டி ரயில் நிலையம். அங்கிருந்து மைசூர் பாசஞ்சர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறக்கிவிடுகிறது. கோயிலும் சிறையும் நடக்கிற தூரம். தரியா தௌலத்துக்கும் கும்பஸுக்கும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

வேன்தான் வேண்டும் என்கிறவர்கள், வருகிற சரஸ்வதி பூஜைக்கு முன்பணம் கொடுக்கும்போதே டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடட்டும்: தரியா தௌலத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது.