அழுகை ஒலித்த வீடு

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடு ஒன்றை விலை பேசும்போது, குடும்பத்துப் பெரியவர்கள் தணிந்த குரலில் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “இந்த வீட்டில் யாரேனும் இறந்திருக்கிறார்களா?” வாஸ்து பொருந்தியிருக்கும், வில்லங்கச் சான்றும் சரியாக இருக்கும், ஆயினும் இதற்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுக்க மனம் வராது. கேட்பது தவறன்று. கிடைக்கும் விடையை எவ்வாறு கொள்வது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

நம் கொங்கு மண்ணிலேயே இதற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி உண்டு. திருப்புக்கொளியூர் எனப்பட்ட அவிநாசிக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் எழுந்தருளினார். வீதியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் உபநயன மங்கல ஒலி. மற்றொன்றில் அழுகை ஒலி. காரணம் கேட்டார். ஒத்த வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் நீராடச் சென்றபோது ஒருவனை முதலை விழுங்கியது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல். தம் மகனும் இருந்திருந்தால் என்று எதிர்வீட்டுப் பெற்றோர் கலங்குகின்றனர் என்றார்கள். நாயனார் அவ்வீட்டைத் தீட்டென்று ஒதுக்கவில்லை. குளக்கரைக்குச் சென்று பதிகம் பாடினார். முதலை பிள்ளையைக் கொணர்ந்து கரையில் விட்டது. பின்னர் அப்பிள்ளைக்கும் உபநயனம் நடந்தது. அழுகை ஒலித்த வீட்டிலேயே மங்கலம் ஒலித்தது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனை விரித்துரைக்கிறார்.

நம் மரபும் மரணத்துக்காக வீட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அவிட்டம் முதல் ரேவதி வரையுள்ள ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் ஆறு மாத அடைப்பு என்று பஞ்சாங்கங்கள் கூறும். அதற்கு ஓர் எல்லை இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலம் முடிந்ததும் சாந்தி செய்து, அடைத்த இடத்தைத் திறந்து விளக்கேற்றுவார்கள். தாத்தா கண்மூடிய தொட்டிக்கட்டு வீட்டிலேதான் பேரனுக்குத் தொட்டில் கட்டினார்கள்.

ஆகவே, முதுமையிலோ நோயிலோ ஒருவர் தம் இல்லத்தில் அடங்கினார் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. ஜப்பான் அரசு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், இத்தகைய இயற்கை மரணத்தை வீட்டுத் தரகர்கள் பொதுவாக அறிவிக்கத் தேவையில்லை என்கின்றன.

அகால மரணம் நேர்ந்ததோ என்ற ஐயம் இருந்தால், விற்பவரிடமே நேராகக் கேளுங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் விசாரியுங்கள். விற்பவர் மறைக்கக் கூடாத குறைகளைப் பற்றி 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் பேசுகிறது. அது மரணத்தைத் தனியே குறிப்பிடவில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவேட்டில் ஓர் இறப்பைத் தேடச் சொல்லிச் சான்று பெறலாம். ஆனால், இறப்பின் காரணம் அச்சான்றில் வராது. எனவே, அன்போடு கேட்டு அறிவதே வழி.

அவ்வாறு அறிந்தபின் மனம் ஒப்பினால், புண்ணியாகவாசனமும் கணபதி ஹோமமும் செய்து, பால் காய்ச்சிக் குடிபுகலாம். ஒப்பாவிடில் விலகிவிடலாம். அந்தக் குடும்பத்தின் துயரத்தைக் காட்டி விலையைக் குறைப்பதும், ஊரெல்லாம் பேசிப் பரப்புவதும் பாவம்.

ஆராய வேண்டியது வேறொன்றும் உண்டு. உரிமையாளர் இறந்தபின் விற்கப்படும் வீடானால், வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, பெண்மக்கள் உட்பட உரிமையுள்ள அனைவரும் மனமுவந்து கையெழுத்திடுகிறார்களா என்று உறுதி செய்யுங்கள். ஒரு சகோதரியின் பங்கை மறைத்து வாங்கிய வீட்டில் எத்தனை ஹோமம் செய்தாலும் நிம்மதி இராது.

மூத்தவர்களாகிய நாம் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மரணம் நேர்ந்த வீடு ஆகாது என்று நாமே சொல்லிவந்தால், நாளை நம் பிள்ளைகள் வீட்டின் விலையை எண்ணி நம் இறுதி நாள்களை வெளியே தள்ள நேரும். வாடகை வீட்டிலிருக்கும் முதியவர் தம் படுக்கையில் கண்மூடவும் அஞ்சுவார். கட்டிய வீட்டில், பிள்ளைகள் சூழ, சிவநாமம் செவியில் ஒலிக்க உயிர் பிரிவது பெரும்பேறு. அதைத் தோஷம் என்னலாமா?

அவிநாசி என்ற சொல்லுக்கு அழிவற்றது என்பது பொருள். வீடு வாங்கும் முன் ஒருமுறை அவிநாசியப்பரையும் கருணாம்பிகை அம்மையையும் தரிசித்து, அவ்வீட்டில் வாழ்ந்து மறைந்தவர்களின் நற்கதிக்காகவும் ஒரு விளக்கேற்றுங்கள்.