வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே பொலிஸ் எதற்கு?

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொக்கெயின் உருண்டைகளை விழுங்கி வந்தவர் கைது என்ற செய்தி நமது பத்திரிகைகளுக்குப் பழகிப்போன ஒன்று. உருண்டைகளின் எண்ணிக்கையும் பெறுமதியும் தலைப்பில் வரும். விழுங்கியவர் பிழைத்தாரா என்பதை எவரும் கேட்பதில்லை.

கண்டி போன்ற உள்நாட்டு நகரங்களில் அஞ்ச வேண்டியது இதைவிட ஆபத்தான வகை. விமானத்தில் வருபவரின் பொதிகள் பல உறைகளால் இறுகச் சுற்றப்பட்டவை. பொலிஸாரைக் கண்டதும் தெருவில் ஒருவன் விழுங்குவதோ மெல்லிய பொலித்தீன் பொட்டலம். அது சில மணி நேரத்திலேயே கசியலாம். ஹெரோயின் என்றால் மூச்சு அடங்கும். நலொக்ஸோன் என்ற மாற்று மருந்து உயிரைக் காக்கும். ஐஸ், கொக்கெயின் ஆகியவற்றுக்கு அத்தகைய மாற்று மருந்து கிடையாது. வலிப்பையும் இதயத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். குடலில் கொக்கெயின் பொதி வெடித்தால் உடனடிச் சத்திரசிகிச்சையே வழி.

ஆகவே வைத்தியருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: என்ன, எவ்வளவு, எப்போது. சிறு பொட்டலங்களை எக்ஸ்ரே பல வேளை காட்டாது. நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும்.

சொல்வானா? 1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 2 கிராம் ஹெரோயினுக்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் 5 கிராம் ஐஸும் அவ்வரிசையில் சேர்ந்தது. 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது விலங்கிடப்பட்டவனுக்கு ஆறுதலாகாது. கட்டிலருகே பொலிஸ்காரர் காது கொடுத்து நிற்க, “ஒன்றுமில்லை டொக்டர்” என்றுதான் அவன் சொல்வான். அந்தப் பொய்யே அவனைக் கொல்லும்.

குற்றவாளிக்கு இத்தனை சலுகையா என்று சிலர் சீறக்கூடும். இதில் சலுகை எங்கே இருக்கிறது? பொட்டலம் வெளிவந்தே தீரும், அதுவே சான்று. பொலிஸாரிடம் கூறும் குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்குகளில் நமது சான்றுக் கட்டளைச் சட்டமே ஏற்பதில்லை. பின் எதற்கு அந்தக் காவல் காது? செத்தவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. அவனை அனுப்பிய முதலாளியின் பெயரும் அவனோடு புதைந்துவிடும்.

போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் மகாவலிக்கு அப்பால் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். அங்கிருந்தாலும் நகரப் பொலிஸ் கூண்டிலிருந்தாலும், விழுங்கினான் என்ற ஐயம் எழுந்த கணமே அவன் கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். மலத்தில் வரட்டும் என்று கூண்டில் காத்திருப்பது விசாரணை ஆகாது. காவலர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும், காதுக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். இதைச் சுற்றுநிருபமாக்க ஒரு தாள் போதும். சுகாதார அமைச்சும் பொலிஸ் திணைக்களமும் அந்த ஒரு தாளை எழுதட்டும்.